மாலையில் காலியாகும் அரசாங்கக் கார்ப்பேட்டை: இரவில் நிறுத்த இடம் கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் கோவன் வட்டாரத்தில் ஒரு வரிசை வீட்டில் வசிக்கிறோம். தெரு குறுகலானது; இரவு 7 மணிக்குமேல் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. தெருமுனையில் உள்ள அரசாங்க அலுவலகத்தின் திறந்தவெளிக் கார்ப்பேட்டையோ மாலையிலும் வார இறுதியிலும் வெறிச்சோடிக் கிடக்கிறது, வாயிலைப் பூட்டிவிடுகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் அமைந்த இடத்தை இரவில் மக்களுக்குத் திறந்துவிடச் சொல்லி 60 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். யாரிடம் கொடுப்பது? இதற்கிடையே பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை வைத்துச் சாலையில் இடம் பிடிக்கிறார். அதற்கு என்ன வழி?

பதில்: கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் வரிப்பணத்தைக் காரணம் காட்டிக் கேட்காதீர்கள். அந்த வாதம் உங்கள் மீதே திரும்பும். சில கல்வி நிலையங்கள் ஊழியர்களிடம் கட்டணம் வாங்காமல் கார் நிறுத்த விடுவது மறைமுகச் சலுகைக்குச் சமம் என்று தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் 2015இல் சுட்டிக்காட்டியதையும், 2018 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தாங்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே காசு கொடுத்துக் கார் நிறுத்த வேண்டிவந்ததையும் உங்கள் தெருமுனை அலுவலகத்தில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆசிரியருக்கே கொடுக்காத இலவசத்தைத் தெருக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்குக் கணக்காய்வின்போது யார் பதில் சொல்வது? ஆகவே கட்டணம் செலுத்துகிறோம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அளவுகோல் கையருகே இருக்கிறது: மத்திய வட்டாரத்துக்கு வெளியே உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார்ப்பேட்டைகளில் அரை மணி நேரத்துக்கு 60 காசு, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அதிகபட்சம் 5 வெள்ளி.

அடுத்து, பலரும் யோசிக்காத ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அக்கம்பக்கக் குழுவின் சார்பில் இதே போன்ற கோரிக்கையுடன் ஓர் அலுவலகக் கட்டட நிர்வாகியைப் பார்க்கப் போனேன். கார்ப்பேட்டை இரவில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதைக் காட்டும் படங்களை நாங்கள் மேசையில் பரப்பினோம். அவர் ஒரு படத்தைக்கூடக் கையில் எடுக்கவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டு, "காலை 7.45க்கு எங்கள் ஊழியர் வரும்போது உங்கள் கார்களில் ஒன்று நகராமல் நின்றால், நான் யாருக்குப் போன் போட வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இடம் காலியாக இருப்பது அவருக்கும் தெரியும். அவருடைய கவலையெல்லாம் காலையில் நகராத அந்த ஒரு காரைப் பற்றியதுதான்.

உங்கள் விண்ணப்பமும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே அமையட்டும். 60 கையெழுத்துகள் விருப்பத்தைக் காட்டுமே தவிர, எத்தனை கார்களுக்கு இடம் தேவை என்பதைக் காட்டா. ஒரு வாரம் இரவு 10 மணிக்குத் தெருவில் நடந்து, வீட்டு முகப்பில் நிறுத்த வழியில்லாமல் சாலையில் நிற்கும் கார்களை மட்டும் எண்ணுங்கள். (முகப்பைச் சாமான் அறையாக்கிவிட்டுக் காரைத் தெருவில் விடுபவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கண் இருக்கிறது.) பன்னிரண்டு கார்கள் என்று தெரிந்தால் பன்னிரண்டு இடங்களை மட்டும் கேளுங்கள். அவற்றின் பதிவெண், உரிமையாளரின் தொலைபேசி எண், வாயிலைத் திறந்து மூடும் பொறுப்பாளர் யார், காலை 6.30க்குள் வெளியேறாத காருக்குச் சக்கரப்பூட்டு போடச் சம்மதம், இரவில் கீறலோ திருட்டோ நேர்ந்தால் அலுவலகத்தைப் பொறுப்பாக்க மாட்டோம் என்ற உறுதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று மாதச் சோதனைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். நிரந்தரமாகக் கேட்டால் கோப்பு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும்.

அதற்கெல்லாம் முன்பு வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துப் பாருங்கள். நான்கு மொழிகளிலும் எழுதிய, "பாதுகாக்கப்பட்ட இடம்" என்ற எச்சரிக்கை அங்கே இருந்தால் இந்த முயற்சியை அத்துடன் விட்டுவிடுவதே நல்லது. அப்படிப்பட்ட இடங்களுக்குள் யார் நுழையலாம் என்பது உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அக்கம்பக்கத்து நல்லெண்ணம் அங்கே செல்லாது. பலகை இல்லையென்றால் உங்களுக்குச் சாதகமான முன்மாதிரி ஒன்று உண்டு. பள்ளித் திடல்களையும் உள்விளையாட்டு அரங்குகளையும் பள்ளி நேரம் முடிந்த பிறகு பொதுமக்கள் பயன்படுத்த விடும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆகவே அரசாங்க இடத்தை வேலை நேரத்துக்குப் பிறகு பகிர்ந்துகொள்வது நம் ஊருக்குப் புதிதன்று. திடலுக்கு வருபவர்கள் வகுப்பறைப் பக்கம் போக முடியாதபடி அமைத்திருப்பதையும் கவனியுங்கள். உங்கள் கார்ப்பேட்டையிலிருந்து கட்டடத்துக்குள் போகும் கதவுகளை இரவில் பூட்டிவிட முடியுமா என்பதையும் விண்ணப்பத்தில் தொட்டுச் சொல்லுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்றால், முகப்பில் அமர்ந்திருக்கும் அதிகாரியிடம் அன்று. அந்த அலுவலகத் தலைமையகத்தின் கட்டட நிர்வாகப் பிரிவுக்கு எழுதுங்கள். கட்டடம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் முடிவு உரிமையாளரின் கையில் இருக்கும். தனித்தனியாக எழுதாமல் அக்கம்பக்கக் குழுவின் பெயரில் அனுப்பி, நகலுடன் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பாருங்கள். இரண்டு, மூன்று அமைப்புகள் சம்பந்தப்படும் விவகாரத்தில் அவருடைய கடிதம் கோப்பை நகர்த்தும். அனுமதியை அவர் வாங்கித் தந்துவிடுவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மறுப்பு வந்தால், நடக்கும் தூரத்தில் உள்ள வீவக கார்ப்பேட்டையில் வெளியார் மாதாந்தர நிறுத்தத்துக்கு விண்ணப்பிக்க இடம் உண்டா என்று கழகத்திடம் விசாரியுங்கள். அங்கே புளோக்கில் குடியிருப்பவர்களுக்கே முதலிடம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கடைசியாக, குப்பைத்தொட்டி. சாலை பொதுச்சொத்து; வீட்டுக்கு எதிரே இருக்கிறது என்பதால் அந்த இடம் யாருக்கும் சொந்தமாகிவிடாது, பொருள் வைத்து இடம் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஒற்றை மஞ்சள் கோடு போட்ட இடங்களில் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் இரவு 7 வரைதான் தடை என்பதால், நீங்கள் சொல்லும் 7 மணி நெருக்கடியில் ஒரு பகுதி அந்தக் கோட்டோரம் வந்து நிற்கும் கார்களாகவும் இருக்கலாம். இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரமும் நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் நேரில் பேசுங்கள். கேட்காவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்துடன் புகார் அனுப்பலாம். ஆனால் கார்ப்பேட்டை விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எதை முன்னால் செய்வது என்று முடிவெடுங்கள்.