கொரிய நண்பரின் பெற்றோருக்கு வியட்நாம் பேக்கேஜ் டூர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான் தென் கொரியாவில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் கொரிய நண்பர் தன் அப்பா அம்மாவை வியட்நாமுக்கு பேக்கேஜ் டூரில் அனுப்ப நினைக்கிறார். அவர்களுக்கு மலை, கடல் மட்டும் போதாது, அந்த ஊர்ப் பண்பாட்டையும் பார்க்க ஆசையாம். எந்த மாதிரி பேக்கேஜ் சரியாக இருக்கும்?

பதில்: இயற்கைதான் முக்கியம் என்றால் எந்த பேக்கேஜை எடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டார்கள். பண்பாடும் வேண்டும் என்றால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். இரவு எந்த ஊரில் தங்க வைக்கிறார்கள்? பஸ்ஸில் மைக் யார் கையில் இருக்கும்? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் மனைவி கொரியர். மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, அவருடைய பிள்ளைகள் மாதாமாதம் சீட்டு போல் போட்டுச் சேர்த்து வைத்த பணத்தில், குடும்பத்தோடு மத்திய வியட்நாமின் கடற்கரை நகரமான தா நாங்குக்கு பேக்கேஜில் போனோம். டிவி ஷாப்பிங் சேனலில் பார்த்து, போன் போட்டு இடம் பிடித்ததும் மாமியாரேதான். அறுபது, எழுபது வயது நிறைவுக்குப் பெற்றோரை இப்படி அனுப்பி வைப்பது கொரியாவில் பிள்ளைகளின் கடமை மாதிரி. எங்கள் பஸ்ஸிலேயே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஏன் வியட்நாம் என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சியோலுக்குப் பக்கத்து இன்சியோன் விமான நிலையத்திலிருந்து தா நாங்குக்கு ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து கொரிய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 45 நாள் தங்கலாம். 2024-இல் மட்டும் 45 லட்சத்துக்கும் மேல் கொரியர்கள் வியட்நாமுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு அங்கே போன வெளிநாட்டவரில் அவர்கள்தான் முதலிடம். சியோலைச் சுற்றியுள்ள மாகாணம் கியோங்கி. 'கியோங்கி மாகாணம், தா நாங் நகரம்' என்று கொரியர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். நேரில் பார்த்தால் அது மிகையாகத் தெரியாது. கடற்கரை ரோட்டில் மசாஜ் கடை, காபிக் கடை, பணம் மாற்றும் கடை எல்லாவற்றிலும் கொரிய எழுத்துதான். கொரியப் பயிற்சியாளர் பார்க் ஹாங் சோ வியட்நாம் கால்பந்து அணியைத் தூக்கி நிறுத்தியதிலிருந்து டாக்ஸி டிரைவர்கூட கொரியர் என்று தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, பேக்கேஜுக்கு வருவோம். பெரும்பாலும் 'மூன்று இரவு, ஐந்து நாள்' என்று போட்டிருப்பார்கள். ராத்திரி கிளம்பி நடுநிசியில் போய் இறங்குவது ஒரு நாள், கடைசி ராத்திரி விமானத்திலேயே தூங்கி விடிகாலையில் இன்சியோன் திரும்புவது ஒரு நாள். நடுவில் மிஞ்சுவது மூன்று பகல். அந்த மூன்று பகலில் ஷாப்பிங் சென்டர்கள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விலை மிகக் குறைவாக இருந்தால் காரணம் இதுதான்: விமான டிக்கெட் காசு போக, உள்ளூரில் பஸ், ஹோட்டல், சாப்பாடு ஏற்பாடு செய்யும் கம்பெனிக்குக் கிடைப்பது சொற்பம், சில சமயம் ஒன்றுமே இல்லை. அந்த ஓட்டையைக் கடைகளின் கமிஷனும், அங்கே போய்க் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் 'ஆப்ஷன்'களும் அடைக்கின்றன. கைடு, டிரைவர் செலவு என்று தலைக்கு 30 முதல் 50 டாலர் வரை தனியாக வாங்குவதும் உண்டு. லேடெக்ஸ் மெத்தை, நோனிப் பழத் தயாரிப்பு, அகில் கட்டை, காபி என்று கடைகளின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்.

நாங்கள் போன அகில் கடையில் எல்லோரையும் வகுப்பறை மாதிரி வரிசையாக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் தேநீர். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, சுத்தமான கொரிய மொழியில், ரத்த ஓட்டம், மூட்டு வலி, தூக்கமின்மை என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். கேள்வி வேறு கேட்டார். மாமியார் என் பக்கம் சாய்ந்து, "காசு கொடுத்து வந்தது நான், என்னை ஏன் பரீட்சைக்கு வந்தவள் மாதிரி உட்கார வைக்கிறான்?" என்றார். ஆனால் கடைசியில் ஒரு டப்பா வாங்கியதும் அவர்தான். யாருமே வாங்காவிட்டால் கைடின் முகம் வாடிவிடும் என்று அவருக்குக் கவலை. அந்த வியாபாரம் நடப்பதே இந்தக் கூச்சத்தை நம்பித்தான்.

அதனால் 'ஷாப்பிங் இல்லை, ஆப்ஷன் இல்லை, டிப்ஸ் இல்லை' என்று போட்டிருக்கும் வகையை எடுக்கச் சொல்லுங்கள். விலை கணிசமாகக் கூடும். அப்புறம் 'செமி பேக்கேஜ்' என்று ஒன்று வந்திருக்கிறது. ஒன்றிரண்டு நாள் குழுவோடு, மற்ற நாள் அவரவர் இஷ்டம். நடக்கத் தெம்புள்ள பெற்றோர் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

இப்போது காட்சிகள். பா நா மலையை எந்த பேக்கேஜும் விடாது. பிரெஞ்சுக்காரர்கள் 1919-இல் வெயிலுக்குத் தப்பிக்க அமைத்த மலை வாசஸ்தலம் அது. இப்போது கேபிள் காரில் ஏறினால் மேலே போலி பிரெஞ்சு கிராமம், பீர், 2018-இல் திறந்த தங்கப் பாலம். இரண்டு பிரம்மாண்டக் கைகள் பாலத்தைத் தாங்கிப் பிடிப்பது போல இருக்குமே, அதுதான். பாசி படிந்த பழைய கல் மாதிரி தெரியும், ஆனால் ஃபைபர் கிளாஸ். இதில் வியட்நாம் பண்பாடு எங்கே என்று கேட்காதீர்கள். ஆனால் கேபிள் காரின் கீழே விரியும் காடும், திடீரென்று வந்து மூடும் மேகமும் நிஜம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இவ்வளவு உயரத்தில் இவ்வளவு சுலபமான இடம் வேறு கிடைக்காது. நான் முகம் சுளித்துக்கொண்டு போனேன், மாமனார் மேகத்துக்குள் நின்று அரை மணி நேரம் போட்டோ எடுத்தார்.

தா நாங்குக்குப் பக்கத்துப் பழைய ஊரான ஹோய் ஆன் அருகே கம் தான் என்ற இடத்தில் கூடைப் படகு. மூங்கிலில் பின்னிய வட்டப் பரிசல், ஒன்றில் இரண்டு பேர். நீர்த் தென்னை அடர்ந்த ஓடைக்குள் படகுக்காரர் ஓட்டிப் போகிறார், ஓலையில் வெட்டுக்கிளியும் மோதிரமும் செய்து கையில் கொடுக்கிறார். அதுவரை அமைதி. திருப்பத்தைத் தாண்டியதும் ஸ்பீக்கரில் கொரியப் பெரியவர்களுக்குப் பிடித்த 'ட்ராட்' என்ற துள்ளல் பாட்டு அலறுகிறது. ஒரு படகுக்காரர் எழுந்து நின்று பரிசலைப் பம்பரமாகச் சுற்றுகிறார், நம் பாட்டிமார்கள் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி ஆடுகிறார்கள், ஆயிரம் வோன் நோட்டுகள் கை மாறுகின்றன. இதைக் கேலி செய்து எழுதும் இளம் கொரியர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் மனசாரச் சிரித்த இடம் அந்தப் பயணத்திலேயே அதுதான். ஆனால் இந்த நீர்த் தென்னைக் காடுதான் போர்க்காலத்தில் கெரில்லாக்களின் மறைவிடம். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மைக் யார் கையில் என்று நான் கேட்கச் சொன்னது இதனால்தான். வியட்நாம் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் கைடு உரிமம். கொரியக் குழுக்களில் பல சமயம் பேசுவது கொரிய ஏற்பாட்டாளர். உரிமம் வைத்திருக்கும் வியட்நாம் கைடு முன் சீட்டில் சும்மா உட்கார்ந்து வருவார். எங்கள் பஸ்ஸிலும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்கு அருமையான கொரியன் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்தாராம். சாப்பாட்டு மேஜையில் மாமியார் பேச்சுக் கொடுத்த பிறகுதான் அவர் வாயே திறந்தார். வீட்டுப் பூஜை மாடத்தில் யாருக்கு என்ன வைப்பார்கள், தெத் புத்தாண்டுக்கு முன்னால் அடுப்புத் தெய்வத்தை எப்படி வழியனுப்புவார்கள் என்று அவர் சொன்னவை, அதுவரை மைக்கில் கேட்ட எல்லாவற்றையும்விட மேல். மாமியாருக்கும் சந்திர நாட்காட்டிப் புத்தாண்டு, முன்னோர் படையல் எல்லாம் பழக்கம் என்பதால் இருவரும் குறிப்பு மாற்றிக்கொண்டார்கள். வியட்நாம் பள்ளிகளில் 2021-இலிருந்து கொரிய மொழியை முதல் அந்நிய மொழியாகவே எடுக்கலாம். கொரியன் பேசும் வியட்நாம் கைடு கிடைப்பது கஷ்டம் இல்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பேக்கேஜ் பஸ்ஸில் நான் யார் வாயிலும் கேட்காதது. தா நாங்கிலிருந்து ஹோய் ஆன் போகும் வழிக்குப் பக்கத்தில்தான் ஹா மீ, ஃபோங் ஞி, ஃபோங் ஞட் கிராமங்கள். 1968 பிப்ரவரியில் கொரியப் படையினர் பொதுமக்களைக் கொன்ற இடங்கள். 1964 முதல் 1973 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரிய வீரர்கள் வியட்நாம் போரில் இருந்தார்கள். ஃபோங் ஞியில் உயிர் தப்பிய ஒரு பெண் தொடுத்த வழக்கில் கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹா மீயில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கொரிய முன்னாள் வீரர்கள் கொடுத்த பணத்தில் கட்டியது. என்ன நடந்தது என்று பின்பக்கம் செதுக்கியிருந்ததைத் தாமரைப் படம் போட்ட பலகையால் மூடிவிட்டார்கள். நண்பரின் பெற்றோர் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் அவர்கள் தலைமுறையிலேயே போருக்குப் போனவர்கள் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்தவர்களை வற்புறுத்தி அங்கே கூட்டிப் போகச் சொல்ல மாட்டேன். போக விரும்பினால் தனி டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம், தூரம் அதிகம் இல்லை.

அடுத்தது தூங்கும் ஊர். பேக்கேஜ்கள் ஹோய் ஆனுக்குச் சாயங்காலம் கொண்டுவிட்டு, விளக்குகளைக் காட்டி, ஆற்றில் படகு ஏற்றி, தா நாங் ஹோட்டலுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடும். அந்த நேரம் தேர்த் திருவிழாக் கூட்டம்தான். ஜப்பானியப் பாலத்தைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதே அதிகம். ஹோய் ஆனிலேயே ஓர் இரவு தங்க வைக்கும் பேக்கேஜ் கிடைத்தால் விடாதீர்கள். காலை ஆறு மணிக்கு அந்தத் தெருக்கள் ஊர்க்காரர்களுடையவை. கடை வாசலைக் கூட்டுவார்கள், வாசல் மாடத்தில் ஊதுபத்தி புகையும், காவ் லாவ் நூடுல்ஸ் கடையில் முக்காலி போட்டு உட்காரலாம்.

ஹுவே நகரத்தைப் பல பேக்கேஜ்கள் சேர்ப்பதே இல்லை, சேர்த்தாலும் ஒரே நாளில் போய்த் திரும்புவதாக வைப்பார்கள். 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரச வம்சத்தின் தலைநகர் அது. சியோல் அரண்மனைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாசல்களும் முற்றங்களும் சொல்லாமலே புரியும். ஹோய் ஆனிலிருந்து போகக்கூடிய மீ சோனில் பழைய சம்பா நாட்டு அரசர்கள் எழுப்பிய செங்கல் சிவன் கோவில்கள், நமக்குத்தான் கூடுதல் சுவாரசியம். அங்கே சில கோவில்களைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. மாமனார் பத்து நிமிடத்தில் நிழல் தேடிப் போய்விட்டார்.

பண்பாடுதான் முதல் என்றால் வடக்குப் பக்கம் யோசிக்கலாம். ஹனோயில் இருக்கும் இலக்கியக் கோவில் 1070-இல் லீ வம்ச அரசர் கன்பூசியஸுக்காக எழுப்பியது. தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் பொறித்த 82 கற்பலகைகள் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. பிறகொரு முறை நாங்களாகவே ஹனோய் போனபோது மாமனார் அங்கேயிருந்த சீன எழுத்துகளைக் காற்றில் விரலால் எழுதிப் பார்த்துப் படித்தார். பக்கத்தில் நின்ற வியட்நாம் மாணவர்கள் வியந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. இதே லீ வம்சம் 13-ஆம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்தபோது லீ லோங் துவோங் என்ற இளவரசர் கடல் வழியே கொரியாவுக்குத் தப்பி வந்து குடியேறினார் என்று சொல்வார்கள். கொரியாவின் ஹ்வாசான் லீ குலத்தார் அவரைத்தான் தங்கள் மூதாதை என்கிறார்கள். அந்த வம்சத்தின் எட்டு அரசர்களுக்கான கோவில் ஹனோயை ஒட்டிய பாக் நிஞ்சில் இருக்கிறது. சாம்சங் தொழிற்சாலையும் அதே பாக் நிஞ்சில்தான். இத்தனை இருந்தும் நான் பார்த்த எந்த பேக்கேஜ் பட்டியலிலும் அந்தக் கோவில் இல்லை. வாடகைக் காரில் அரை நாள் போதும்.

வடக்கில் இன்னொன்று, கடலில் பாறைத் தீவுகள் நிறைந்த ஹா லாங் விரிகுடா. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும். படகில் பச்சை மீன் ஆப்ஷன் என்று ஆரம்பிப்பார்கள், அந்த விலைக்குத் துறைமுகத்தில் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஒருநாள் அவசரத்துக்குப் பதில் படகிலேயே இரவு தங்குவது நல்லது. நேரம் இருந்தால் நிஞ் பிஞ்சில் சாங் ஆன் குகைப் படகும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் பேக்கேஜ்காரர்கள் கொரியப் பன்றி வறுவலையும் கிம்ச்சியையும் நடு நடுவே வைத்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு அது ஆறுதல்தான். கொரியர்கள் பலருக்குக் கொத்தமல்லித்தழை வாசனையே ஆகாது. நமக்கு அது ரசத்தின் உயிர், அவர்களுக்கு சோப்பு. முன்கூட்டியே சொல்லி வைத்தால் போடாமல் தருவார்கள்.

மாதத்தையும் பாருங்கள். தா நாங், ஹோய் ஆன், ஹுவே எல்லாம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நன்றாக இருக்கும், கடைசி மூன்று மாதம் வெயில் கொளுத்தும். அக்டோபர், நவம்பரில் அங்கே அடைமழை. ஹோய் ஆனின் பழைய தெருவில் வெள்ளம் ஏறிப் படகு விடுவது அடிக்கடி நடப்பது. நண்பர் அக்டோபரில்தான் லீவு எடுக்க முடியும் என்றால் மத்தியப் பகுதியை விட்டுவிட்டு ஹனோய், ஹா லாங், நிஞ் பிஞ் பக்கம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.