நாளை தெரியாத நாட்டில்

கேள்வி: நாட்டின் எதிர்காலம் தெரியாத நிலையில், இங்கே வீடு வாங்கவோ மகனைப் படிக்கவைக்கவோ மனம் துணியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கலக்கம் நியாயமானது, அம்மா. ஆனால் இலங்கையின் 2019 ஜனாதிபதித் தேர்தலில் 52 சதவீத வாக்குகளுடன் வென்ற கோட்டாபய ராஜபக்ஷ 2022 ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்றோ, அதே தேர்தலில் ஏறத்தாழ 3 சதவீதமே பெற்ற அநுர குமார திசாநாயக்க 2024 இல் ஜனாதிபதியாவார் என்றோ அன்று எவரால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்? பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பின் காலி வீதியில் எரிவாயுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு, லொறி வருமா என்று தெரியாமல் காத்திருந்த அந்த வரிசையிலேயே பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தாயொருவரை நான் பார்த்தேன், இன்றும் மறக்கவில்லை. மகனின் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள், அது எங்கு போனாலும் அவனுடன் வரும். வீட்டைப் பொறுத்தவரை, வட்டி கூடினாலும் தவணையைத் தாங்க முடியுமானால் மட்டும் கைவையுங்கள்.