சோம்பேறித்தனமா காரணம்?

கேள்வி: வளரும் நாடுகளில் நகரவாசிகள் வீட்டுச் சமையலைக் கைவிட்டு பாக்கெட் உணவுக்கு மாறுவது சோம்பேறித்தனத்தால்தானே?

பதில்: விடிவதற்குள் பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவரையா சோம்பேறி என்கிறீர்கள்? ஒண்டுக்குடித்தன அறையில் அடுப்பு வைக்கவே இடம் இருக்காது. பிறகு எங்கே சமைப்பது?

பர்கரைத் திட்டுவது சுலபம். ஆனால் மாற்றம் ஆரம்பித்தது எண்ணெயில். சோயா, பாமாயில் விலை சரிந்ததும், வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான கொழுப்பு ஏழை வீட்டுத் தட்டுக்கும் வந்துவிட்டது. வயிறு நிறைகிறது, இரும்புச்சத்தும் புரதமும் சேர்வதில்லை. அதனால்தான் ஒரே வீட்டில் அம்மாவுக்கு உடல் பருமன், குழந்தைக்கு எடைக்குறைவு என்ற விநோதம்.

பாக்கெட்டை ஒதுக்க முடியாதவர்கள் அதன் பின்பக்கத்தையாவது படிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண்கள் எத்தனை கிராமுக்கு என்பதை. 70 கிராம் பாக்கெட்டில் 35 கிராமுக்குக் கணக்குக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். பாதி பாக்கெட்டோடு எழுந்திருப்பவர் யார்? அடுத்தது சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. முழு பாக்கெட்டுக்கும் 1,200 மில்லிகிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குள்தான். நூடுல்ஸில் இதில் பெரும்பங்கு மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறது. பாதியைப் போட்டால் போதும். (ருசி குறைகிறதே என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.) குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்றால், 330 மில்லி டின்னில் 35 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்பது டீஸ்பூன்.

கடையில் நின்று இந்தப் பெருக்கல் கணக்கைப் போட எத்தனை பேருக்கு நேரம்? சிலி அதை அரசின் வேலையாக எடுத்துக்கொண்டது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் எது வரம்பை மீறினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும் என்று 2016-ல் கட்டாயமாக்கியது. மெக்சிகோ 2014-ல் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. முதல் ஆண்டிலேயே விற்பனை, வரி இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் சுமார் 9 சதவீதம்.