தண்ணீரைப் பார்த்த பிறகு வீட்டைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். எனக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது; கணவருக்குக் கிண்டிக்கு மாற்றல். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மாமியாருக்கு மூட்டுவலி. வாடகை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் இரண்டு படுக்கையறை வீடு தேடுகிறோம். மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்ககத்தின் படங்களைத் தரகர் அனுப்பியிருக்கிறார். வாடகை 20,000, பத்து மாத அட்வான்ஸ். “நான்கு பேர் பார்த்துவிட்டார்கள், இன்றே 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்தால்தான் நிற்கும்” என்கிறார். ஒரு சனி, ஞாயிறு மட்டுமே எங்களால் வர முடியும். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

பதில்: டோக்கன் அனுப்ப வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிப்பதற்குள் தரகர் மறுபடியும் கூப்பிட்டிருப்பார். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களை நம்பியே ஒரு மோசடிக் கூட்டம் இயங்குகிறது. ராணுவத்தில் இருக்கிறேன், திடீரென்று மாற்றல் வந்துவிட்டது, நல்ல குடும்பத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பார்கள். அடையாள அட்டையின் படமும் வரும். பிறகு, கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு ஒன்றை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணைப் போடவோ தேவையில்லை. உங்கள் தரகர் நேர்மையானவராகவே இருக்கலாம். அப்படியானால் சனிக்கிழமைவரை பொறுப்பதில் அவருக்குச் சிரமம் இருக்காது. அதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம்வரை ‘டு-லெட்’ பலகைக்குப் பஞ்சமில்லை.

சென்னையில், அதுவும் தென்சென்னையில் வீடு பார்ப்பதென்றால் பாதிக்கு மேல் தண்ணீர் பார்ப்பதுதான். பெயின்ட் மங்கியிருந்தால் அடித்துக்கொள்ளலாம், அலமாரி இல்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாத வீட்டையோ தண்ணீர் தேங்கும் வீட்டையோ எந்தக் குடியிருப்பவராலும் சரிசெய்ய முடியாது. இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்பதால் அந்த நேரத்தை மாற்ற முடியாதவற்றுக்கே செலவிடுங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் பழைய மாமல்லபுரம் சாலையோர அடுக்ககங்கள் லாரியை மட்டுமே நம்பியிருந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையம் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் தெருவில் குழாய் போவது ஒன்று, அந்த அடுக்ககத்தின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், தண்ணீர் விழுவது வேறு. “மெட்ரோ வாட்டர் இருக்கிறதா” என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றே சொல்வார்கள். “எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போன மே மாதம் தினம் எத்தனை லாரி வாங்கினீர்கள்” என்று கேளுங்கள். தரகரிடம் கேட்டுப் பயனில்லை. காவலாளியிடம் கேளுங்கள், மோட்டார் போடுகிறவர் அவர்தான், லாரி வரும்போது கேட்டைத் திறப்பவரும் அவர்தான். கூடவே போன மே மாதத்துப் பராமரிப்பு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, கோடையில் லாரிச் செலவைத் தனியாகப் பிரித்து வசூலிக்கும் அடுக்ககங்கள் உண்டு. உங்கள் 25,000 ரூபாய்க் கணக்கு அங்கேதான் உடையும்.

வீட்டுக்குள் போனதும் குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாயிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். புதிதாகக் குழாய் மாற்றியிருந்தால் கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே யாரும் துடைப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுகோலின்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000வரை ஏற்கலாம். புழங்கும் தண்ணீரே 2,000ஐத் தாண்டினால் துணி, பாத்திரம், கீசர், தலைமுடி எல்லாவற்றுக்கும் அது செலவு வைக்கும். பிறகு சமையலறைக் குழாயையும் ஷவரையும் சேர்த்துத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். மேல்மாடியில் தண்ணீரின் வேகம் குறைந்தால் அது தினமும் குறையும்.

அடுத்தது மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி வளர்ந்த பகுதிகள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டருகே கடலுக்குப் போக வேண்டும். போகிற வழி குறுகலாக இருப்பதால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. பகுதி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே சாலையில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். எனவே தெருவை விசாரியுங்கள். முனையில் இருக்கும் மளிகைக் கடைக்காரரிடமோ துணி தேய்ப்பவரிடமோ “மிக்ஜாமுக்கு இங்கே எதுவரை வந்தது” என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்கு இதில் லாப நட்டம் இல்லை. தெருவைவிடக் கட்டடத்தின் தரை தாழ்ந்திருக்கிறதா, தரைத்தள வாகன நிறுத்துமிடத்தின் தூண்களில் இடுப்பளவுக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களா, மின் மீட்டர் பெட்டிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். மீட்டர் பெட்டிகளைப் பெயர்த்து உயரத்தில் வைத்திருந்தால் அங்கே தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாமியார் இருப்பதால் தரைத்தளமே வசதி என்று தோன்றும். இந்தப் பகுதியில் வேண்டாம். ஜெனரேட்டர் இணைப்புள்ள லிப்ட் இருக்கும் கட்டடத்தில் முதல் அல்லது இரண்டாம் மாடி பாருங்கள். லிப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதையும் காவலாளியிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையும் வழுக்காத குளியலறைத் தரையும் மாமியாருக்குக் கட்டாயம்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை மேடவாக்கம் மோசமான தேர்வு இல்லை. சோழிங்கநல்லூருக்கு நேர்ச் சாலை இருக்கிறது. கிண்டிக்கு வேளச்சேரி வழியாகப் போகலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை மதியமே சென்னைக்கு வந்துவிட்டு, மாலை ஆறரைக்கு சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கத்துக்கு ஒருமுறை பயணம் செய்யுங்கள். பள்ளி இருவரின் அலுவலகத்தைவிட வீட்டுக்கு அருகில் இருக்கட்டும். மகளை அழைத்துவரப் பாட்டி நடந்து போகும் தூரமாக இருந்தால் இன்னும் நல்லது. பிடித்த வீட்டை சனிக்கிழமை பகலில் ஒருமுறை, ஞாயிறு இருட்டிய பிறகு ஒருமுறை பாருங்கள். தெருவிளக்கும் கொசுவும் மாடிவீட்டுச் சத்தமும் பகலில் தெரியாது.

தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது இங்கே வழக்கம். அதைச் சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள். அசைவம் சமைப்பது, விருந்தினர் தங்குவது, இரவு வேலை முடித்துத் தாமதமாக வருவது பற்றியெல்லாம் வீட்டைப் பார்க்கப் போகுமுன் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். “நீங்கள் என்ன ஆட்கள்” என்று சாதியை விசாரிக்கும் வீட்டுக்காரர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எவ்வளவு வசதியான வீடாக இருந்தாலும் அங்கே போகாதீர்கள். மாதாமாதம் வாடகையும் கொடுத்து அந்தப் பார்வையையும் சுமக்க வேண்டியதில்லை.

ஆடி விஷயத்தில் மாமியாரின் விருப்பத்தையும் உங்கள் சிக்கனத்தையும் சேர்த்தே பார்க்கலாம். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால், ஆனிக் கடைசியில் வீடு காலியாக இருக்கும் உரிமையாளருக்கு ஒரு மாத வாடகை போய்விடுமே என்ற கவலை இருக்கும். வாடகையையும் அட்வான்சையும் குறைத்துப் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களைச் சில நாள் கழித்துக்கூடக் கொண்டுவரலாம். எந்தத் தேதியிலிருந்து வாடகை என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அட்வான்ஸ். வாடகைத் தகராறு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டைக் காலி செய்த பிறகு இந்தப் பணத்துக்காக அலைகிறவர்கள்தான். பத்து மாதம் என்பது சென்னையின் பழைய வழக்கம், சட்டம் அல்ல. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. ஆனால் இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சிறிய விலக்கில்தான் பத்து மாதம் உயிர்வாழ்கிறது. நீங்கள் மூன்றில் பேச்சைத் தொடங்குங்கள். 20,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 2 லட்சம், மூன்று மாதம் என்றால் 60,000. வித்தியாசமான 1,40,000 ரூபாய் பல வருடங்கள் வட்டியில்லாமல் இன்னொருவர் கையில் இருக்கப்போகிறது. மூன்றுக்கு இறங்காவிட்டாலும் ஐந்துக்காவது இறங்குவார்கள். பணமாகக் கொடுக்காதீர்கள், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தரகரின் கணக்குக்கு அல்ல.

அனுப்புமுன் அவர்தான் உரிமையாளரா என்று பாருங்கள். சொத்துவரி ரசீதிலும் மின்கட்டண அட்டையிலும் இருக்கும் பெயர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். மகனோ மைத்துனரோ கையெழுத்திடுவதானால் அதிகாரப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. கட்டத் தவறினால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும் என்பதால் ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். “மாத வாடகையே வேண்டாம், எட்டு லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் இருங்கள்” என்று லீஸுக்கு யாராவது ஆசை காட்டினால், வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை லீஸுக்கு விட்டு, கடன் கட்டாமல் வங்கி கையகப்படுத்த வந்தபோது தெருவுக்கு வந்த குடும்பங்கள் உண்டு.

பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்பதைத் தவிர்ப்பதற்காக வந்த பழக்கம். ஆனால் புதிய சட்டத்தின்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் வாடகை ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்துவிடலாம். “அதெல்லாம் எதற்கு, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை” என்று உரிமையாளர் சொல்லக்கூடும். அன்பாக ஆனால் விடாமல் கேளுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்ல இந்தச் சட்டத்தில் வழியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது பெயின்ட் பற்றிய வரி. ‘காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்’ என்று அச்சடித்த படிவத்திலேயே இருக்கும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் லைன், மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. பைப்பு வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அட்டவணை உங்களுக்கு உதவாது. எனவே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ‘இரண்டு ஆண்டுகளுக்குள் காலி செய்தால் பிடித்தம் இல்லை’ என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது. ‘சாவி ஒப்படைக்கும் அன்றே’ என்று எழுதி வாங்க முடிந்தால் மிக நன்று. வாடகை உயர்வு எத்தனை சதவீதம், எந்தப் பக்கம் காலி செய்யச் சொன்னாலும் எத்தனை மாத அவகாசம், பராமரிப்புத் தொகையில் லாரித் தண்ணீர் அடங்குமா, மின்கட்டணம் மின்வாரியத்தின் பில்லின்படியா அல்லது யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வைத்த கணக்கா என்பவையும் வாய்ப்பேச்சில் நிற்கக்கூடாது. தனி மின் இணைப்பு இல்லாமல் உள்மீட்டர் வைத்து வசூலிக்கும் வீட்டில் அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைப்பது அரிது.

சாவி வாங்கும் அன்று, சாமான் இறங்குவதற்கு முன்பே, ஒவ்வோர் அறையையும் நிதானமாக வீடியோ எடுங்கள். பரணின் உட்புறம், சிங்க்கின் அடிப்பகுதி, சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளைகள், மின் மீட்டரின் எண் எல்லாம் அதில் வரட்டும். எடுத்த கையோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பார்த்தேன்’ என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.