உளவுப் பகுப்பாய்வாளருக்குத் துப்பாக்கிப் பயிற்சி தேவையா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகள் பொருளாதாரம் படிக்கிறாள். ‘ஜாக் ரையன்’ தொடரைப் பார்த்ததிலிருந்து சிஐஏ-வில் பயங்கரவாதத் தடுப்புப் பகுப்பாய்வாளராக வேண்டும் என்கிறாள். துப்பாக்கிப் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2018-இல் பிரைம் வீடியோவில் தொடங்கிய அத்தொடரில், சந்தேகத்திற்குரிய பணப் பரிமாற்றங்களை நாயகன் மேசையில் இருந்தபடியே மோப்பம் பிடிக்கும் பகுதிதான் உண்மைக்கு மிக நெருக்கமானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, வங்கிகள் நாடுவிட்டு நாடு பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பப் பயன்படுத்தும் ‘ஸ்விஃப்ட்’ வலையமைப்பின் தகவல்களைக் கொண்டு பயங்கரவாதிகளின் பணத்தடத்தை அமெரிக்கக் கருவூலத் துறை தொடர்ந்து வந்தது 2006-இல் அம்பலமானது. அதே மனிதர் பிறகு துப்பாக்கியுடன் நாடு நாடாகப் பாய்வது திரைக்கதையின் தேவை. சிஐஏ-வில் தகவல் திரட்டுவோர் ஒரு பிரிவு, அதை எடைபோட்டு எழுதுவோர் வேறு பிரிவு. பகுப்பாய்வாளர்கள் வெளிநாட்டுப் பணிக்குச் செல்வதும் உண்டு. அதற்கான பயிற்சியை நிறுவனமே தரும்.

உங்கள் மகள் பழக வேண்டியது எழுத்து. யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘கணிசமான வாய்ப்பு’ இருப்பதாக 1951-இல் அமெரிக்க உளவுத் துறையின் மதிப்பீட்டறிக்கை ஒன்று சொன்னது. அதன் பொருள் என்னவென்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்க, அதைத் தயாரித்த சிஐஏ குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட் 65 விழுக்காடு என்றார். கேட்டவரோ அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார். அறிக்கையைச் சேர்ந்து எழுதியவர்களைக் கென்ட் விசாரித்தபோது, அவர்கள் மனத்தில் இருந்த அளவுகள் 20 முதல் 80 வரை சிதறிக் கிடந்தன. ஒப்புதல் தந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு அறிக்கைக்கு ஒப்பமிட்டிருந்தார்கள் என்றே சொல்லலாம். இன்று அமெரிக்க உளவுத் துறையின் 203-ஆம் நெறிமுறை, ‘நடக்க வாய்ப்பு அதிகம்’ (likely) என்றால் 55 முதல் 80 விழுக்காடு என்று வரையறுத்திருக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு ஒரு செய்தியை எடுத்து, முடிவை முதல் வரியிலும், சான்றையும் அதன் பலவீனத்தையும் அடுத்தும் வைத்து, ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்னிய மொழி ஒன்றையும் ஆழமாகக் கற்கட்டும்.

கல்லூரி மாணவர்களுக்கான உள்ளகப் பயிற்சிக்கு அவர் இப்போதே விண்ணப்பிக்கலாம். பின்னணி விசாரணை, மருத்துவச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை ஆகியவற்றால் தேர்வு மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பித்த செய்தியைச் சமூக ஊடகத்தில் அவரும் பகிரக்கூடாது, பெருமையில் நீங்களும் பகிரக்கூடாது.