புதிய பிலிம் கேமரா வரும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: பிலிமில் படமெடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை. நிக்கான், கேனான் போன்ற பெரிய நிறுவனங்கள் மீண்டும் பிலிம் கேமரா தயாரிக்குமா? பழைய கேமரா விற்கும் ஒருவர், "இனி எவரும் தயாரிக்கப்போவதில்லை, விலை ஏறிக்கொண்டே போகும், உடனே வாங்கிவிடுங்கள்" என்று நெருக்குகிறார். என்ன செய்வது?

பதில்: எவரும் தயாரிக்கப்போவதில்லை என்ற பேச்சு ஏற்கெனவே பொய்த்துவிட்டது. லைக்கா நிறுவனம் பிலிம் கேமராவை முழுதாகக் கைவிட்டதே இல்லை. 2022இல் தன் பழைய எம்6 மாடலைக்கூட மறுபடியும் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிலிம் திட்டம் ஒன்றை அறிவித்த பென்டாக்ஸ், 2024 ஜூனில் 'பென்டாக்ஸ் 17' கேமராவை வெளியிட்டது.

ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது இவற்றை அல்ல என்று நினைக்கிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய, கைக்கு அடக்கமான, நியாயமான விலையுள்ள எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாக வரும் காட்சியையே கண்ணாடி மூலம் காட்டும் கேமரா) அல்லவா? கேனான் தன் கடைசி பிலிம் எஸ்.எல்.ஆரின் விற்பனையை 2018இல் முடித்துக்கொண்டது. உற்பத்தி 2010லேயே நின்றுவிட்டது, அதுவரை விற்றதெல்லாம் கிடங்குச் சரக்கு. நிக்கானின் எஃப்6 என்ற பிலிம் எஸ்.எல்.ஆர். 2020இல் விடைபெற்றது. மறுபடி தொடங்க வரைபடம் மட்டும் போதாது. வார்ப்பு அச்சு வேண்டும், ஷட்டர் (பிலிமில் ஒளி விழ நொடிப்பொழுது திறந்து மூடும் பாகம்) செய்துகொடுக்கும் தொழிற்சாலை வேண்டும், பற்சக்கரங்களைக் கையால் பொருத்திச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். பிலிமை நகர்த்தும் லீவரை வடிவமைக்க பென்டாக்ஸே தன் மூத்த பொறியாளர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது. அதனால் காத்திருக்காதீர்கள்.

பென்டாக்ஸ் 17 பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கியபின் பலர் விழிப்பது இங்கேதான். அது அரைச்சட்டக் கேமரா. வழக்கமான படத்தின் இடத்தில் இரண்டு படம் விழும். 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். சிக்கனம்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது பாதிப் பிலிம், பெரிதாக அச்சிட்டால் துகள் துகளாகத் தெரியும். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக வரும். ஸ்கேன் செய்பவர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் பிலிமில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். லென்ஸையும் மாற்ற முடியாது. இவ்வளவும் தெரிந்தே வாங்கினால் நல்ல கேமரா.

பழைய பிலிம் நிறுவனங்களின் பெயரைத் தாங்கி வரும் புதிய பிளாஸ்டிக் கேமராக்கள் வேறு கதை. பெரும்பாலும் பெயர் மட்டுமே வாடகைக்கு வந்தது; செய்தவர் வேறொருவர். பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

இனி உங்களை நெருக்குபவரிடம் வருவோம். "சோதிக்கப்படவில்லை" என்று எழுதி விற்றால், சோதித்துப் பார்த்து ஓடவில்லை என்றே நான் பொருள் கொள்வேன். "சர்வீஸ் செய்யப்பட்டது" என்றால் ரசீதைக் கேளுங்கள். துணியால் துடைப்பதும் இவர்களுக்கு சர்வீஸ்தான். பிரபலங்கள் கையில் காணப்பட்டதால் விலை எகிறிய, எல்லாம் தானே செய்யும் 1990களின் சிறு கேமராக்களைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே மின்சுற்று போனால் உதிரி கிடையாது. இன்னொரு கேமராவை அறுத்துத்தான் அதைப் பிழைக்க வைக்கிறோம். அந்த மாடல்களை விற்பதையே நிறுத்திவிட்ட நிறுவனங்கள், பழுதுநீக்கும் கையேடுகளை இன்னும் பூட்டி வைத்துக்கொண்டு யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுகின்றனவோ தெரியவில்லை!

பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும் கேமராவைத் தேடுங்கள். பிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, லென்ஸின் துளையை முழுதாக விரித்து, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து அழுத்துங்கள். சட்டகம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் ஷட்டர் திரை தளர்ந்திருக்கிறது. பிறகு 1 நொடியில் வையுங்கள். திறந்து, உள்ளே பற்சக்கரம் ஓடும் ஓசை கேட்டு, தானே மூட வேண்டும். நடுவில் திணறி நின்றால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் படர்ந்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். பின்மூடியின் ஓரத்துக் கறுப்பு நுரைப்பட்டையைப் பல்குத்தியால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரலாம். இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் கேமராவை ஒதுக்காதீர்கள், அதை மாற்றுவது எளிது.

கடைசியாக, ஒரு சுருள் எடுத்து, கழுவி, படங்களைப் பார்க்கும்வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். சென்ற தலைமுறையில் இந்தக் கேமராக்கள் லட்சக்கணக்கில் விற்றவை. ஒருவர் மறுப்பதால் தீர்ந்துபோகாது.