ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிப்பது ஆபத்தா?

ஐந்து லிட்டரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறீர்கள், சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கின்றன என்றால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும். அதையே இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே தள்ளினால் உயிருக்கே உலை வைத்துவிடும். எத்தனை லிட்டர் என்பதை விட எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம்.

சிறுநீரகத்தால் மணிக்கு ஏறத்தாழ 800 மில்லி முதல் 1 லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். மிச்சம் இரத்தத்தில் தங்கி அதிலுள்ள சோடியத்தை நீர்த்துப்போக வைக்கும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஹைப்போநட்ரீமியா. நீர்த்த இரத்தத்திலிருந்து தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினாலும் தாங்கிக்கொள்ளும். மூளைக்கு மண்டையோட்டுக்குள் நகர இடமில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், அப்புறம் வலிப்பு, நினைவிழப்பு என்று போகும்.

இதில் பெரிய சிக்கல், ஆரம்ப அறிகுறிகள் நீரிழப்பு மாதிரியே இருப்பதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் இன்னும் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுப்பார்கள்.

எங்கள் அத்தை இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகத் தண்ணீர் குடித்தால் நச்செல்லாம் போய்விடும் என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, விடாமல் குடித்தார். ஒரு நாள் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடினார். வயசாகிவிட்டது என்று சிரித்தோம். மாலைக்குள் என் பெயரே அவருக்கு வரவில்லை. பரிசோதித்தபோது சோடியம் 118. அத்தை எடுத்தது போன்ற நீர் பிரியும் மாத்திரைகளில் தயாசைடு வகை, சில மனச்சோர்வு மருந்துகள், வலிப்புக்கான கார்பமசெபின் இவையெல்லாம் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. இவற்றை எடுப்பவர்களுக்கு, அதுவும் முதியவர்களுக்கு, ஐந்து லிட்டர் வரை போகவே வேண்டியதில்லை.

ஆரோக்கியமானவர்களும் தப்பவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே. மூன்று பேருக்கு 120-க்கு மேல் இல்லை. ஓடும்போது எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம். அதாவது வியர்த்ததை விட அதிகமாகக் குடித்தவர்கள். நீண்ட நேர உடலுழைப்பில், உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஏடிஎச் ஹார்மோன் சுரந்து சிறுநீரகத்தின் கையைக் கட்டிவிடும். மணிக்கு ஒரு லிட்டர் கணக்கெல்லாம் அப்போது செல்லாது. விளையாட்டு பானம் குடித்தால் தப்பிக்கலாம் என்பதும் தவறு, அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். 2007-இல் கலிபோர்னியாவில் ஒரு வானொலிப் போட்டிக்காகச் சிறுநீர் கழிக்காமல் தண்ணீராகக் குடித்த ஒரு பெண் சில மணி நேரத்தில் இறந்தே போனார்.

யாருக்காவது இப்படி ஆனால் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உப்பைக் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அத்தைக்கு அளந்து அளந்துதான் ஏற்றினார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பாலோ கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரோ (ஃபார்முலா) போதும்.

மற்றபடி தாகம் எடுத்தால் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. சிறுநீரகக் கல் போன்ற காரணத்துக்காக மருத்துவர் அதிகம் குடிக்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவுதான் கணக்கு. ஆனால் யாரும் சொல்லாமலே, தாகம் தாங்காமல் ஐந்து லிட்டர் குடிக்கிறீர்களா? அப்படியானால் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள்.